தேன் இருந்தும் தேறாத வாக்கியங்கள்: ஆங்கில ஒப்பீட்டில் பிழை கண்டு நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் இரண்டை ஒப்பிட்டு எழுதும்போது நமக்கு நேரும் பிழைகள் பல வேடங்களில் வரும். வேடத்தைக் கலைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் ஊர் ஒன்றுதான். தமிழில் ஒப்பீட்டின் சுமை முழுவதையும் 'விட' என்ற சொல்லே சுமக்கிறது. 'குமாரைவிட ரவி வேகமானவன்' என்கிறோம். குமாரை விட்டுவிட்டு 'ரவி வேகமானவன்' என்றாலும் 'வேகமானவன்' அப்படியேதான் இருக்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சுமை பெயரடையின் தலையில் இருக்கிறது. பெயரடை உருமாறியே ஆக வேண்டும். 'தேன்' (டி-எச்-ஏ-என்) என்ற ஆங்கிலச் சொல் வந்து, யாரோடு ஒப்பிடுகிறோம் என்று காட்டிவிட்டுப் போகும், அவ்வளவே.

ஆகவே ஒரு வாக்கியம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் பெயரடையைப் பாருங்கள். அடுத்துத் தேனைப் பாருங்கள். கடைசியாக, தேனுக்குப் பின்னால் நிற்பதைப் பாருங்கள். கீழே அறிகுறிகளை ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கியம் எதைப் போல இருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகவே போய்விடலாம்.

இங்கே 'தேன்' என்று எழுதியிருப்பதெல்லாம் டி-எச்-ஏ-என். 'பிறகு' என்று பொருள்படும் டி-எச்-இ-என் வேறு சொல். அதைத் 'தென்' என்று எழுதலாம், ஆனால் ஒப்பீட்டில் அதற்கு வேலையே இல்லை. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இந்த இடமாற்றத்தைப் பலமுறை கண்டுகொள்ளாது, ஏனென்றால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அறிகுறி: தேன் இருக்கிறது, பெயரடை மாறவில்லை

'ரவி இஸ் ஃபாஸ்ட் தேன் குமார்.'

தமிழ் வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் ஏற்றியதால் வந்தது. இந்தப் பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. ஐந்தாம் வேற்றுமைக்குப் பழைய உரைகள் தரும் காட்டு 'காக்கையிற் கரிது களம்பழம்'. களாப்பழம் காக்கையைவிடக் கறுப்பு என்று பொருள். அதில் 'கரிது' என்றால் 'கறுப்பாக இருக்கிறது' என்பது மட்டுமே. 'அதிகக் கறுப்பு' என்ற பொருளைக் கொடுப்பது காக்கையோடு ஒட்டிய 'இன்' உருபு. ஒப்பீட்டுக்காகப் பெயரடையை மாற்றும் வேலை தமிழுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

தீர்வு: தேன் கண்ணில் பட்டவுடன் விரலைப் பெயரடையின் மேல் வையுங்கள். அதன் வாலில் இ-ஆர் இருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்னால் 'மோர்' அல்லது 'லெஸ்' இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் பிழை அங்கேயே இருக்கிறது. 'ரவி இஸ் ஃபாஸ்டர் தேன் குமார்.' முழுதாக உருமாறும் சிலவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: குட் என்பது பெட்டர், பேட் என்பது ஒர்ஸ், லிட்டில் என்பது லெஸ், மச் என்பதும் மெனி என்பதும் மோர், ஃபார் என்பது ஃபார்தர் அல்லது ஃபர்தர்.

அறிகுறி: தேனும் இல்லை, பிழையும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கேட்டவருக்கு வேறு பொருள் போய்ச் சேர்கிறது

பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். கடையில் இரண்டு குடைகளைக் காட்டி 'இதில் எது விலை குறைவு?' என்று கேட்க நினைக்கிறோம். வாயில் வருவது 'விச் இஸ் சீப்?' இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கடைக்காரருக்குக் கேட்பது 'எது மலிவானது?' என்ற கேள்வி. 'எதுவுமே மலிவில்லை' என்று அவர் பதில் சொன்னால் அதிலும் தவறில்லை. நாம் கேட்க வேண்டியது 'விச் இஸ் சீப்பர்?'

தமிழில் சூழலே ஒப்பீட்டை உணர்த்திவிடும். 'பஸ்ஸில் போவது நல்லது' என்றால், ரயிலைவிடவா ஆட்டோவைவிடவா என்று கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'இட் இஸ் குட் டு கோ பை பஸ்' என்றால் பேருந்துப் பயணத்தின் பெருமையைப் பொதுவாகப் பேசுகிறீர்கள் என்றே ஆகும். 'இட் இஸ் பெட்டர் டு கோ பை பஸ்' என்றால்தான் மற்றொன்றைத் தள்ளியதாகப் பொருள்படும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. உங்கள் தமிழ் எண்ணத்தில் 'இதைவிட', 'அதைவிட' என்று எதையாவது சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாமல் பொருந்தினால் ஆங்கிலத்தில் ஒப்பீட்டு வடிவம் வேண்டும், தேன் வெளியே தெரியாவிட்டாலும். 'நாளுக்கு நாள் வெயில் ஏறுகிறது' என்பதில் 'நேற்றைவிட' ஒளிந்திருக்கிறது. ஆகவே 'இட் இஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்'.

இதன் மறுபக்கம், ஒப்பீடே இல்லாத இடத்தில் 'மோர்' வந்து உட்கார்வது. 'விலை அதிகம்' என்பதை 'த ப்ரைஸ் இஸ் மோர்' என்கிறோம். விலைக்கும் வெப்பநிலைக்கும் அங்கே பொருந்துவது 'ஹை'. கடந்த மாதத்தைவிட அதிகம் என்றால் 'ஹையர்'. 'அதிகம்' என்று தமிழ் சொல்லும் இடமெல்லாம் மோர் அல்ல.

அறிகுறி: மோர் பெட்டர், மோர் ஈஸியர்

ஒரு பெயரடைக்கு ஒப்பீட்டுக் குறி ஒன்றுதான். இரண்டில் ஒன்றை நீக்குங்கள். பெட்டர், ஈஸியர் என்று நின்றுவிடலாம்.

'இன்னும் நல்லது' என்பதில் உள்ள 'இன்னும்' நம்மை இழுத்துவிடுகிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஈவன் பெட்டர்' இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படி இரட்டையாக எழுதுவது குற்றமாக இருக்கவில்லை, அவரே எழுதியிருக்கிறார். 1762ல் வெளியான ராபர்ட் லௌத்தின் இலக்கண நூல் அதைத் தவறென்று சொன்னது. பள்ளிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், பிழையே இல்லாததாக நாம் நினைக்கும் 'நியரர்' பழைய கணக்கில் இரட்டை ஒப்பீடுதான். பழைய ஆங்கிலத்தில் 'நியர்' என்பதே ஒப்பீட்டு வடிவம். தேர்வுத் தாளில் இந்த வரலாற்றைச் சொல்லி மதிப்பெண் வாங்க முடியாது.

அறிகுறி: இ-ஆரா, மோரா என்று பேனா நின்றுவிடுகிறது

விதி எளியது. ஓரசைச் சொல்லுக்கு வாலில் இ-ஆர். மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் முன்னால் மோர். இரண்டு அசை உள்ள சொல் 'ஒய்' எழுத்தில் முடிந்தால் ஐ-இ-ஆர், மற்றவற்றில் பெரும்பாலும் மோர்.

விதியில் சிக்கல் இல்லை, அசை எண்ணுவதில்தான் சிக்கல். யாப்பில் படித்த நேர், நிரைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நிரையசையில் இரண்டு உயிரொலிகள் ஓரசையாகச் சேரும். ஆங்கிலத்தில் ஒவ்வோர் உயிரொலியும் தனி அசை. இதற்குத் தமிழ் எழுத்தே ஒரு நல்ல கருவி. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். 'ஸ்ட்ராங்' என்பதில் மிஞ்சுவது 'ரா' மட்டும், ஆகவே ஸ்ட்ராங்கர். 'ஹேப்பி' என்பதில் ஹே, பி, ஆகவே இரண்டு. கடைசியில் ஒய் இருப்பதால் ஹேப்பியர். 'எக்ஸ்பென்சிவ்' என்பதில் எ, பெ, சி. மூன்று வந்துவிட்டதால் மோர் எக்ஸ்பென்சிவ்.

இந்தக் கருவி ஏமாற்றும் இடங்களும் உண்டு. 'நியூ', 'லவுட்' ஆகியவற்றில் தமிழ் எழுத்து இரண்டு காட்டும், ஆங்கில ஒலியில் ஒன்றுதான். 'கிளீன்' என்று எழுதும்போது முதலில் வரும் இகரம் நாம் போட்டது, ஆங்கிலத்தில் அது இல்லை. சந்தேகம் வந்தால் தாடைக்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை.

விதிக்கு அடங்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டயர்ட், போர்ட் போன்று வினையிலிருந்து பிறந்தவை எத்தனை சிறியவையானாலும் மோர் கேட்கும். ஃபன், ராங், ரியல் ஆகியவையும் அப்படித்தான். 'அன்' என்ற எதிர்மறை முன்னொட்டு அசைக் கணக்கில் சேராது. ஹேப்பியர் போலவே அன்ஹேப்பியர். க்ளெவர், நாரோ, சிம்பிள், கொயட், ஃப்ரெண்ட்லி போன்றவற்றில் இரண்டு வடிவமும் செல்லும். தேர்வில் எது பாதுகாப்பு என்று கேட்டால், அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே பாருங்கள். மாணவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இ-ஆர் வடிவம் உள்ள சொல்லுக்கு அதைச் சேர்த்தே தரும்.

ஓரிடத்தில் மட்டும் அசைக் கணக்கே செல்லாது. ஒரே ஆளிடம் உள்ள இரண்டு குணங்களை எடைபோடும்போது சொல் சிறிதானாலும் மோர்தான். 'ஹி இஸ் மோர் லேஸி தேன் ஸ்டூபிட்.' தமிழில் இதற்கு அழகான வடிவம் இருக்கிறது: 'அவன் முட்டாள் என்பதைவிடச் சோம்பேறி என்பதே பொருந்தும்.' உங்கள் தமிழ் எண்ணத்தில் 'என்பதைவிட' வந்தால் மோர் போடுங்கள்.

வினையை விளக்கும் சொற்களுக்கும் ஒரு வரி: 'எல்ஒய்' வாலுள்ள வினையடைக்கு மோர் க்விக்லி, மோர் ஈஸிலி. வால் இல்லாத ஃபாஸ்ட், ஹார்ட் ஆகியவற்றுக்கு ஃபாஸ்டர், ஹார்டர்.

அறிகுறி: சொல் சரி, எழுத்துக்கூட்டலில் சிவப்புக் கோடு

'பிக்' என்பது பி-ஐ-ஜி. ஒப்பீட்டில் ஜி இரட்டித்து பி-ஐ-ஜி-ஜி-இ-ஆர் ஆகிறது. 'கிளீன்' என்பதில் கடைசி எழுத்தான 'என்' இரட்டிக்காது. ஏன் என்று மாணவர் கேட்டால் பல புத்தகங்கள் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். தமிழ் படித்தவருக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை. 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூல் சொல்லியிருக்கிறது. கல் + எறிந்தான் என்றால் கல்லெறிந்தான். கால் + அடி என்றால் காலடி, அங்கே இரட்டிப்பில்லை. ஆங்கிலத்தில் இது ஒலியில் நடக்காமல் எழுத்தில் மட்டும் நடக்கிறது. மற்றபடி கணக்கு ஏறக்குறைய அதேதான்: ஒரே ஓர் உயிரெழுத்து, அதன்பின் ஒரே ஒரு மெய்யெழுத்து, அதோடு ஓரசைச் சொல் என்றால் கடைசி எழுத்து இரட்டும். பிக், தின், சேட், ஹாட் எல்லாம் இந்தக் கூட்டம். கூல், ஸ்வீட் ஆகியவற்றில் உயிரெழுத்து இரண்டு, ஆகவே இரட்டாது. ஃபாஸ்ட், லாங் ஆகியவற்றில் மெய் இரண்டு, அதனால் அங்கும் இல்லை.

இங்கே தமிழ் எழுத்தை நம்பாதீர்கள். 'ஹாட்' என்று நெடிலோடு எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அது குறில். எழுத்துக்கூட்டலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற மூன்றும் இரட்டுவதில்லை: ஸ்லோ என்பது ஸ்லோயர் ஆகும்போது ஒரே டபிள்யூதான். கடைசியில் ஏற்கெனவே இ இருந்தால் ஆர் மட்டும் போதும். மெய்யெழுத்துக்குப் பின் வரும் ஒய், ஐ ஆக மாறும்.

அறிகுறி: வெரி பெட்டர், வெரி சீப்பர்

'அமிழ்தினும் ஆற்ற இனிதே' என்கிறது குறள். 'ஆற்ற' என்றால் மிகவும். தமிழில் 'மிகவும்' என்ற சொல் சாதாரணப் பெயரடைக்கும் வரும், ஒப்பீட்டுக்கும் வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஆள். சாதாரணப் பெயரடைக்கு 'வெரி'. ஒப்பீட்டு வடிவத்துக்கு 'மச்', 'ஃபார்', 'எ லாட்'. குறளின் அந்த அடியை ஆங்கிலத்தில் சொன்னால் 'ஃபார் ஸ்வீட்டர் தேன் நெக்டார்'. வெரி போட்டால் வள்ளுவரே எழுதியிருந்தாலும் சிவப்பு மைதான். கொஞ்சம் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில்', 'ஸ்லைட்லி'.

அறிகுறி: சீனியர் தேன் மீ

அலுவலகக் கடிதங்களில் இதைக் காணாத நாளில்லை. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஆகியவை லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவங்களாக இருந்து, அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றின் பின்னால் 'டு' வரும்: 'ஷி இஸ் சீனியர் டு மீ.' ப்ரிஃபர் என்ற வினைக்கும் அதே வழக்கம்: 'ஐ ப்ரிஃபர் காபி டு டீ.' பதவிநிலையைச் சொல்லும்போது 'மோர் சீனியர் தேன்' என்று ஆங்கிலேயர்களே எழுதுவதைப் பார்க்கலாம், அது பிழையல்ல. மோர் இல்லாத 'சீனியர் தேன்' மட்டுமே பிழை.

பக்கத்திலேயே இன்னொன்று: 'எல்டர் தேன் மீ'. எல்டர் குடும்பத்துக்குள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும் வரும். 'மை எல்டர் பிரதர்' சரி. தேன் வந்துவிட்டால் 'ஓல்டர்'.

அறிகுறி: வெயிலை ஊரோடு ஒப்பிட்டுவிட்டோம்

'த ஹீட் இன் வேலூர் இஸ் கிரேட்டர் தேன் ஊட்டி.' தமிழில் 'வேலூர் வெயில் ஊட்டியைவிடக் கடுமை' என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கில வாக்கியமோ ஒருபக்கம் வெயிலையும் மறுபக்கம் ஒரு மலைநகரத்தையும் தராசில் வைக்கிறது. தேனுக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் ஒரே இனமா என்று பாருங்கள். இல்லையென்றால் 'தேன் தட் இன் ஊட்டி' என்று மாற்றலாம், பன்மையானால் 'தோஸ்'. அதைவிடச் சுலபம், வாக்கியத்தையே கலைத்துக் கட்டுவது: 'வேலூர் இஸ் ஹாட்டர் தேன் ஊட்டி.' எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அறிகுறி: 'எனி' வந்த இடத்தில் ஆசிரியர் 'அதர்' என்று எழுதித் திருத்துகிறார்

தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு' என்று எழுதினால், அந்த 'எனி பீக்' கூட்டத்தில் தொட்டபெட்டாவும் இருக்கிறது. தன்னைவிடத் தான் உயரம் என்றாகிவிடும். ஆகவே 'எனி அதர் பீக்'.

எல்லா இடத்திலும் அதர் போட்டுவிட்டால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் நடக்காது. ஒப்பிடப்படும் பொருள் அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருந்தால் அதர் கூடாது. 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் கேரளா' என்பதில் அதர் போட்டால் தொட்டபெட்டாவைக் கேரளத்துக்குக் கொடுத்ததாகிவிடும். இலக்கணம் இங்கே சரி. தகவல் தவறு, ஏனென்றால் கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். இலக்கணம் சரியான வாக்கியம் பொய்யாகவும் இருக்கலாம். பயிற்சித் தாள் தயாரிப்பவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: தேன் மீயா, தேன் ஐயா?

'ஷி இஸ் ஓல்டர் தேன் மீ' என்பதைப் பேச்சிலும் பெரும்பாலான எழுத்திலும் ஏற்கிறார்கள். பழைய முறைப்படி திருத்துபவருக்கு 'தேன் ஐ ஆம்' என்று வினையோடு முடித்துவிடுங்கள், வாதமே வராது.

உண்மையான சிக்கல், நடுவில் ஒரு வினை வரும்போதுதான். 'அப்பா என்னைவிடத் தம்பியை அதிகம் திட்டுகிறார்' என்றால், என்னைக் குறைவாகத் திட்டுகிறார் என்றும் கொள்ளலாம், நான் திட்டுவதைவிட அவர் அதிகம் திட்டுகிறார் என்றும் கொள்ளலாம். 'விட' எப்போதும் இரண்டாம் வேற்றுமையையே கேட்பதால் தமிழிலும் இந்த இருபொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தேன் மீ' என்று நிறுத்தினால் அதே குழப்பம். ஆனால் ஆங்கிலத்தில் தீர்வு கையில் இருக்கிறது: முதல் பொருளுக்கு 'தேன் ஹி ஸ்கோல்ட்ஸ் மீ', இரண்டாவதற்கு 'தேன் ஐ டூ'.

அறிகுறி: 'எவ்வளவு, அவ்வளவு' ஆங்கிலத்தில் அகப்படவில்லை

'எவ்வளவு பயிற்சி செய்கிறாயோ அவ்வளவு சுலபமாகும்' என்பதை 'ஹவ் மச் யூ ப்ராக்டிஸ், தட் மச் ஈஸி' என்று எழுதுவதுண்டு. ஆங்கிலத்தில் எவ்வளவுக்கும் 'த', அவ்வளவுக்கும் 'த', இரண்டு பக்கமும் ஒப்பீட்டு வடிவம்: 'த மோர் யூ ப்ராக்டிஸ், தி ஈஸியர் இட் பிகம்ஸ்.' இரண்டு பாதியிலும் ஒப்பீட்டு வடிவம் முன்னால் வந்துவிட வேண்டும். 'த மோர் யூ ப்ராக்டிஸ், இட் பிகம்ஸ் ஈஸியர்' என்றால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

அறிகுறி: தேர்வில் வடிவம் மாற்றும் கேள்வியில் மதிப்பெண் போகிறது

டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் என்ற பெயரில் பள்ளிகளில் வரும் பகுதி இது. பாசிட்டிவ் என்ற முதல் வடிவத்துக்கு மாற்றும்போது 'நோ அதர்' என்று தொடங்கினால் பெயரடை மாறக்கூடாது, இருபக்கமும் 'ஆஸ்' வர வேண்டும்: 'நோ அதர் பீக் இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா.' ஆஸ் போட்ட இடத்தில் தேன் நுழையாது. 'ஒன் ஆஃப் த' வந்தால் பின்னால் பன்மை, தமிழில் 'நகரங்களில் ஒன்று' என்பது போலவே. இரண்டே பேரில் ஒருவரைச் சொல்லும்போது 'ஓல்டஸ்ட்' போன்ற மூன்றாம் வடிவத்துக்குத் தாவாமல் 'தி ஓல்டர் ஆஃப் த டூ'.

நன்றாகப் படிப்பவர்களும் தடுக்கி விழும் ஒரு கேள்வி உண்டு: 'ரவி இஸ் நாட் ஃபாஸ்டர் தேன் குமார்' என்பதை மாற்றுக. பலரும் 'குமார் இஸ் ஃபாஸ்டர் தேன் ரவி' என்று எழுதுகிறார்கள். ரவி குமாரைவிட வேகமில்லை என்றால், இருவரும் ஒரே வேகத்தில் ஓடவும் வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பை விட்டுவிடாத விடை: 'குமார் இஸ் அட் லீஸ்ட் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ் ரவி.'